சேப்பாக்கத்து வேலியும் மரத்தடியும்



கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். நேரமில்லாதவர்கள் கடைசிப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். அங்கேதான் உங்களிடம் ஒரு காரியம் கேட்கப் போகிறேன்.

1987-ல் பத்தாவது முடித்த மாணவி ஒருத்தி இப்போது அமெரிக்காவில், பாஸ்டனில் இருக்கிறாள். போன வாரம் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். அவளும் அவள் பையனும் ஒரு பெரிய பச்சைச் சுவருக்கு முன்னால் நிற்கிறார்கள். ‘ஃபென்வே பார்க்’ என்ற பேஸ்பால் மைதானமாம். "சார், 1912-ல் திறந்தது. இன்றைக்கும் இதில்தான் விளையாடுகிறார்கள். நம் ஊரில் இவ்வளவு பழைய மைதானம் இருக்கா சார்?" என்று கேட்டிருந்தாள்.

"இருக்கும்மா, இதைவிடப் பழசு" என்று பதில் போட்டேன். பிறகு அந்தச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். வரலாற்று வாத்தியாருக்கு ரிட்டயர்மெண்ட் ஆனாலும் அந்த வியாதி போகாது.

அந்தச் சுவரை ஆட்டத்துக்காகக் கட்டவில்லை. பக்கத்துத் தெருவில் நின்று ஓசியில் பார்ப்பவர்களை மறைக்கத்தான் 1912-ல் மரப்பலகையில் எழுப்பினார்கள். 1934-ல் 37 அடி உயரத்துக்குப் புதிதாகக் கட்டினார்கள். பச்சை பெயிண்ட் அடித்தது 1947-ல். அதற்கும் முன்னால், 1862-ல், நியூயார்க் பக்கம் புரூக்ளினில் காமேயர் என்ற ஒருவர், குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்கு விட்டிருந்த தன் இடத்தைச் சுற்றி வேலி போட்டு, உள்ளே பேஸ்பால் ஆட வைத்து, ஆளுக்குப் பத்து சென்ட் வாங்கினார். வேலி போட்டு டிக்கெட் வாங்கிய முதல் பேஸ்பால் மைதானம் அதுதான் என்கிறார்கள். அதுவரை திறந்தவெளியில் யார் வேண்டுமானாலும் நின்று பார்த்த ஆட்டம் அது. வேலி வந்தது, டிக்கெட் வந்தது, அந்தப் பணத்தில் ஆட்டக்காரனுக்குச் சம்பளமும் வந்தது.

சரி, அமெரிக்காவில் காசுக்காக வேலி. நம் சேப்பாக்கத்தில் எதற்காக?

அந்த இடம் முதலில் மைதானமே இல்லை. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா 1760-களில் கடலைப் பார்த்தபடி கட்டிய அரண்மனையின் தோட்டம். நூறு ஏக்கருக்கு மேல். 1855-ல் கடைசி நவாப் வாரிசு இல்லாமல் இறந்ததும் வெள்ளைக்கார அரசு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. எட்டாம் வகுப்பில் வாரிசு இழப்புக் கொள்கை என்று நான் கரும்பலகையில் எழுதிப் போட்டேனே, நினைவிருக்கிறதா? ஜான்சி, சதாரா என்று எழுதினேன். நம் ஊரிலும் அது நடந்தது. அரண்மனையில் அரசாங்க ஆபீஸ்கள் வந்தன. தோட்டத்தின் ஒரு பகுதியில் கிரிக்கெட் வந்தது.

1846-ல் அலெக்சாண்டர் ஆர்பத்நாட் என்ற அதிகாரி தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப், முதலில் தீவுத்திடலில் ஆடிக்கொண்டிருந்தது. 1865-ல் சேப்பாக்கத்துக்கு வந்தது. சுருக்கமாக எம்.சி.சி. தாம்பரத்துக்காரர்களுக்கு எம்.சி.சி. என்றால் கிறிஸ்தவக் கல்லூரி. சேப்பாக்கத்தில் இந்த கிளப். லண்டனில் இன்னொன்று, மேரிலபோன் கிளப். என் அப்பா ரேடியோவில் "எம்.சி.சி. அணி இந்தியா வருகிறது" என்று கேட்டுவிட்டு, நம் காலேஜ் பையன்கள் எதற்கு இந்தியாவுக்கு வரவேண்டும் என்று ஒரு நாள் முழுக்க யோசித்ததாகப் பாட்டி சொல்வார்.

அந்த கிளப்பில் வெள்ளைக்காரர்கள் மட்டும்தான். இந்தியர்கள் உறுப்பினராக முடியாது. ஆட வரலாம், பெவிலியனுக்குள் வர முடியாது. சாப்பாட்டு இடைவேளையில் வெள்ளைக்காரர்கள் பெவிலியனில் மேஜை போட்டுச் சாப்பிட, எதிரணியில் ஆடிய இந்தியர்கள் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று சென்னை கிரிக்கெட் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். சேப்பாக்கத்தைச் சுற்றி அப்போது நல்ல மரங்கள். நிழலுக்குக் குறைவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்!

அந்த மரத்தடியைப் பார்த்துப் பொறுக்காதவர் புச்சி பாபு நாயுடு. வசதியான குடும்பம். அவர் மனு கொடுக்கவில்லை, சண்டையும் போடவில்லை. 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப் என்று சொந்தமாக ஒரு கிளப் தொடங்கினார். எஸ்பிளனேட் பக்கம் இடம் பிடித்தார். ஏழைப் பையன், பணக்காரப் பையன் என்று பார்க்காமல் சேர்த்தார். மட்டை, பந்து, உடுப்பு என்று தன் காசைச் செலவழித்தார். ‘இவர்கள் நம்மோடு சமமாக ஆடக்கூடியவர்கள்’ என்று வெள்ளைக்காரர்கள் ஒத்துக்கொள்ளும் நிலைக்குக் கொண்டுவந்தார். இந்தியர்களும் ஐரோப்பியர்களும் மோதும் ஒரு பெரிய ஆட்டம் நடத்த வேண்டும் என்று பாடுபட்டு, அது கைகூடும் நேரத்தில், 1908-ல், நாற்பது வயதில் போய்விட்டார். இன்றும் அவர் பெயரில் ஒரு போட்டி நடக்கிறது. பேப்பரில் ‘புச்சி பாபு’ என்று பார்த்துவிட்டு யாரோ ஸ்பான்சர் என்று நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள்.

அவர் கனவு கண்ட ஆட்டம் 1915-16 முதல் ஒழுங்காக நடக்க ஆரம்பித்தது. பிரசிடென்சி மேட்ச். பொங்கல் சமயத்தில், சேப்பாக்கத்தில். ஊரே திரண்டு போகும். பொங்கலுக்குக் கரும்பு, அடுத்து கிரிக்கெட் என்று சென்னைக்குப் பழக்கமானது அப்படித்தான். சுதந்திரத்துக்குப் பிறகும் 1950-களின் தொடக்கம் வரை நடந்தது. பின்னால் ‘பொங்கல் டெஸ்ட்’ என்று நாம் கொண்டாடியதெல்லாம் இதன் தொடர்ச்சிதான்.

1934-க்கு வருவோம். பாஸ்டனில் அந்த 37 அடிச் சுவர் எழும்பிய அதே வருடம். பிப்ரவரி 10, சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட். இங்கிலாந்துக்கு ஜார்டின் கேப்டன், ஆஸ்திரேலியாவில் ‘பாடிலைன்’ போட்டு ஊர் வாயில் விழுந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நமக்கு சி.கே. நாயுடு. அமர் சிங் ஏழு விக்கெட் எடுத்தார், வெரிட்டி இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்துப் பதினொன்று. நாம் 202 ரன்னில் தோற்றோம். அதை விடுங்கள். எனக்குப் பிடித்தது அதே வருடம் நவம்பர் 4-ம் தேதி நடந்த ஆட்டம்.

ரஞ்சி டிராபியின் முதல் ஆட்டம் அது. மெட்ராஸும் மைசூரும். மைசூர் 48, மெட்ராஸ் 130, மறுபடி மைசூர் 59. இன்னிங்ஸ் வெற்றி, ஒரே நாளில் முடிந்துவிட்டது! ஏ.ஜி. ராம் சிங் பதினொரு விக்கெட். மெட்ராஸ் கேப்டன் சி.பி. ஜான்ஸ்டன், வெள்ளைக்காரர். ரஞ்சி டிராபியின் முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன்.

இந்த கோபாலன் யார் தெரியுமா? நம் செங்கல்பட்டுப் பக்கத்து மொறப்பாக்கம் கிராமத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணிக்கு வந்து, தெருவில் ஆடிப் பழகிய பையன். அவர் பந்துவீச்சைப் பார்த்து அசந்துபோன ஜான்ஸ்டன், தான் வேலை பார்த்த பர்மா ஷெல் கம்பெனியிலேயே அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். அமெரிக்காவில் வேலி போட்டு, டிக்கெட் பணத்தில் ஆட்டக்காரனுக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்றேன் அல்லவா? நம் ஊரில் அந்த வழி இல்லை. இங்கே ஆட்டக்காரனுக்குச் சோறு போட்டது கம்பெனி வேலை. எண்ணெய்க் கம்பெனி, பாங்க், ரயில்வே, சிமென்ட் கம்பெனி. என் காலத்தில் ஆட்டத் திறமையால் பாங்க் வேலைக்குப் போன மாணவர்கள் நம் பள்ளியிலேயே மூன்று பேர். மூவரும் இதைப் படிப்பார்கள், பெயர் சொல்ல வேண்டாம்.

கோபாலன் கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியா, இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் பயணமா என்று வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். தியான் சந்த் அணி தங்கம் வென்று திரும்பியது. இங்கிலாந்துக்குப் போன கோபாலனுக்கு ஒரு டெஸ்டில்கூட இடம் தரவில்லை. பின்னாளில் மெட்ராஸ் அணியும் சிலோன் அணியும் ஆண்டுதோறும் ஆடிய கோப்பைக்கு அவர் பெயர் வைத்தார்கள். கொழும்பில் இருக்கும் நம் சொந்தக்காரர்களில் பெரியவர்களுக்கு கோபாலன் டிராபி நன்றாகத் தெரியும். இங்கே மொறப்பாக்கம் தாண்டி மேல்மருவத்தூர் போகிற எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குச் சந்தேகம்.

பிறகு 1952 பிப்ரவரி. இந்தியா டெஸ்ட் ஆடத் தொடங்கி இருபது வருடம், ஒரு வெற்றிகூட இல்லை. முதல் நாள், 6-ம் தேதி, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே லண்டனில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. மறுநாளை ஓய்வு நாளாக்கினார்கள். வினூ மன்கட் முதல் இன்னிங்ஸில் 55 ரன்னுக்கு எட்டு விக்கெட், மொத்தம் பன்னிரண்டு. பங்கஜ் ராய் சதம், உம்ரிகர் சதம். 10-ம் தேதி இன்னிங்ஸ் வெற்றி. நம்மூர் சி.டி. கோபிநாத்தும் அந்த அணியில். இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி, எந்த பெவிலியனுக்குள் இந்தியனை விடவில்லையோ அதன் எதிரில். மன்னர் செத்த வாரத்தில். பாடப்புத்தகம் எழுதுகிறவர் கற்பனை செய்திருந்தால் ரொம்ப செயற்கையாக இருக்கிறது என்று அடித்திருப்பேன்.

வெற்றிக்குப் பிறகு சேப்பாக்கம் ஓங்கி வளர்ந்திருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. சென்னையின் ஒன்பது டெஸ்டுகள் அங்கே நடக்கவே இல்லை. 1956 தொடக்கத்திலிருந்து 1965 வரை சென்னையின் டெஸ்டெல்லாம் ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் இருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில்தான். இன்றைக்கு அங்கே கால்பந்து நடக்கும் நேரு ஸ்டேடியம் நிற்கிறது.

அது கிளப்பின் இடம் இல்லை, மாநகராட்சியின் இடம். எனக்கு அந்த வித்தியாசம் முக்கியமாகப் படுகிறது. தாம்பரத்துக்காரனுக்கு இன்னொரு வசதி: மீட்டர்கேஜ் மின்சார ரயிலில் ஏறினால் பார்க் ஸ்டேஷனில் இறங்கி ரோட்டைக் கடந்து நடந்தால் வந்துவிடும். அங்கேதான் மன்கட்டும் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள், 1956-ல் நியூசிலாந்துக்கு எதிராக. ஐம்பத்திரண்டு வருடம் உலக சாதனையாக நின்றது.

நான் முதன்முதலில் டெஸ்ட் பார்த்ததும் அங்கேதான். 1964 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. எனக்குப் பத்து வயது. அப்பா ரயில்வேயில் இருந்ததால் பாஸ். அம்மா எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தார். இங்கிலாந்து பேட்டிங், போலஸும் பாரிங்டனும். நம் பக்கம் பாபு நட்கர்னி போடுகிறார். போடுகிறார், அவர்கள் தடுக்கிறார்கள். மறுபடி போடுகிறார், மறுபடி தடுக்கிறார்கள். தொடர்ந்து 21 ஓவர் மெய்டன்! மொத்தம் 32 ஓவரில் ஐந்து ரன்தான் கொடுத்தார். இன்றைக்கும் அது உலக சாதனை. வரலாற்றில் இடம்பெற்ற அந்த நேரத்தில் பாதியை நான் அப்பா மடியில் தூங்கிக் கழித்தேன். எழுந்து "எவ்வளவு ஸ்கோர்?" என்று கேட்டால், தூங்குவதற்கு முன் இருந்ததற்கும் இப்போதைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கள் பக்கத்தில் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பந்துக்கும் "அட, அட" என்று ரசித்துக்கொண்டிருந்தார். அவருக்கு டிக்கெட்டும் இருந்தது, உட்கார இடமும் இருந்தது.

1967 ஜனவரியில் டெஸ்ட் மீண்டும் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. முதல் நாள் சாப்பாட்டு இடைவேளைக்குள் ஃபரூக் இன்ஜினியர் 94 அடித்தார், ஹால், கிரிஃபித், சோபர்ஸ், கிப்ஸ் பந்துகளை! 1970-களில் சிமென்ட் கேலரிகள் எழும்பின. கிரிக்கெட் வாரியத் தலைவராக இருந்த எம்.ஏ. சிதம்பரத்தின் பெயரைச் சூட்டினார்கள். மரங்கள் போயின. மரத்தடியும் போயிற்று. வெயிலும் எல்லாருக்கும் பொதுவாயிற்று என்று சொல்ல ஆசைதான், ஆனால் பெவிலியனுக்குக் கூரை இருந்தது.

1975 ஜனவரி 11, விஸ்வநாத்தின் 97 நாட் அவுட். ஆண்டி ராபர்ட்ஸ் ஏழு விக்கெட் எடுத்த அன்று, 190-க்குச் சுருண்ட அணியில் தனியாளாக நின்றார். நான் அதைப் பார்க்கவில்லை, கேட்டேன். தாம்பரம் ஸ்டேஷன் வெளியே டீக்கடை டிரான்சிஸ்டரில். கடையைச் சுற்றி ஐம்பது பேராவது இருப்போம். டீ வாங்கியவர்கள் பத்துப் பேர். கடைக்காரர் யாரையும் போகச் சொல்லவில்லை. அதையும் ஒரு கேலரி என்றே நான் கணக்கில் வைத்திருக்கிறேன். பின்னால் அப்துல் ஜப்பார் போன்றவர்களின் தமிழ் வர்ணனை வந்த பிறகு அந்தக் கேலரி இன்னும் பெரிதானது. ஆங்கிலம் தெரியாத காய்கறிக்காரரும், திண்ணையில் உட்கார்ந்த பாட்டியும் சேப்பாக்கத்துக்குள் வந்தார்கள்.

1986 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. உங்களில் பலர் அன்று பள்ளியில் இருந்தீர்கள். ஸ்டாஃப் ரூமில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தோம். டீன் ஜோன்ஸ் அந்த வெயிலில் வாந்தி எடுத்து எடுத்து 210 அடித்து ஆஸ்பத்திரிக்குப் போன டெஸ்ட். கபில் தேவ் 119. கடைசி நாள் 348 அடிக்க வேண்டும். கடைசி ஓவரில் நான்கு ரன், ஒரு விக்கெட் கையில். சாஸ்திரி இரண்டு எடுத்தார், பிறகு ஒன்று. ஸ்கோர் சமம். மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. ஒரு பந்து மீதம்! ‘டை’ என்று ரேடியோ சொன்னதும் எங்கள் தமிழையா, "அப்படியென்றால் யாருக்குப்பா வெற்றி?" என்றார். ஒருவருக்கும் இல்லை என்றோம். "நல்ல முடிவு" என்று சொல்லிவிட்டு மறுபடி திருத்த உட்கார்ந்தார். அதற்கு முன் டெஸ்ட் வரலாற்றில் ஒரே ஒரு டை, 1960-ல் பிரிஸ்பேனில். அதற்குப் பிறகு இன்றுவரை இல்லை. வகுப்பறை ஜன்னலில் தொங்கிக்கொண்டு ஸ்கோர் கேட்ட ஒன்பதாம் வகுப்புப் பையன்களை நான் விரட்டவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

1999 ஜனவரி 31 பற்றி எழுதாமல் இருக்க முடியாது. அன்று நேரில் இருந்தேன், அண்ணன் மகனோடு. பாகிஸ்தானுக்கு எதிராக 271 இலக்கு. முதுகு வலியோடு சச்சின் 136. அவர் ஆட்டமிழந்தபோது இன்னும் 17 ரன். மீதி மூன்று விக்கெட்டும் நான்கு ரன்னில் விழுந்தன. பன்னிரண்டு ரன்னில் தோல்வி. மைதானம் அப்படியே உறைந்தது. பக்கத்தில் இருந்தவர் மூச்சு விடுவது கேட்டது. பிறகு எங்கோ ஒரு மூலையில் கைத்தட்டல். அது சுற்றிச் சுற்றி எங்கள் கேலரிக்கு வந்தது. எல்லாரும் எழுந்து நின்றோம். வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து அதை ஏற்றுக்கொண்டது. அண்ணன் மகன் அழுதுகொண்டே கைதட்டினான். "ஏன் சித்தப்பா தட்டுறோம்?" என்று கேட்டான். "நல்லா ஆடினாங்கடா" என்றேன். வேறு பதில் அப்போதும் தெரியவில்லை, இப்போதும் இல்லை. எந்தப் பெவிலியனிலும் இல்லாத, டிக்கெட் வாங்கி வெயிலில் உட்கார்ந்த ஜனங்கள் செய்த காரியம் அது. சேப்பாக்கம் ரசிகர்களுக்கு உலகத்தில் நல்ல பெயர் என்றால் அது அவர்கள் சம்பாதித்தது.

2011 உலகக் கோப்பைக்காகப் புதுக் கேலரிகள் கட்டினார்கள். வெள்ளைக் கூடாரம் போன்ற கூரை, கடல்காற்று உள்ளே வரும்படி இடைவெளி. அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஐ, ஜே, கே என்ற மூன்று கேலரிகளும் கட்டட அனுமதித் தகராறில் 2012-லிருந்து பல வருடம் பூட்டிக் கிடந்தன. டி.வி.யில் ஆட்டம் பார்க்கும்போதெல்லாம் அந்தக் காலி நாற்காலிகள் தெரியும். வெளியே வாலாஜா ரோட்டில் டிக்கெட் கிடைக்காமல் கூட்டம், உள்ளே யாரும் உட்காராத ஆயிரக்கணக்கான இடம். 2021 பிப்ரவரியில் இங்கிலாந்து டெஸ்டுக்குத்தான் திறந்தார்கள். அதுவும் கொரோனா காலம், பாதிப் பேருக்குத்தான் அனுமதி. அந்த டெஸ்டில் மேற்கு மாம்பலத்துப் பையன் அஸ்வின் ஐந்து விக்கெட்டும் எடுத்து சதமும் அடித்தார்.

பாஸ்டன் மாணவிக்காக ஒன்று. 2024 ஜூன் மாதக் கடைசியில் சேப்பாக்கத்தில் பெண்கள் டெஸ்ட் நடந்தது. தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஷஃபாலி வர்மா 205, ஸ்மிருதி மந்தானா 149. முதல் விக்கெட்டுக்கு 292. இந்தியா 603, பெண்கள் டெஸ்டில் அதுவரை யாரும் எடுக்காத ஸ்கோர். இதை அவளுக்கு அனுப்பியபோது அவள் எழுதினாள்: "சார், பத்து வருஷம் அந்தப் பள்ளியில் படித்தேன். ஸ்போர்ட்ஸ் டே தவிர கிரவுண்டுக்கு நடுவில் நின்றதே இல்லை. நாங்கள் எப்போதும் வேப்பமரத்தடியில்தான்."

புச்சி பாபுவைப் பற்றி அவளுக்கு நான் அதுவரை ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. மரத்தடி என்ற வார்த்தை அவளாகப் போட்டது.

இப்போது காரியத்துக்கு வருகிறேன்.

நம் பழைய மாணவர் குழுவில் பள்ளி மைதானத்துக்கு டர்ஃப் போடுவதாகத் திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. செயற்கைப் புல், சுற்றிலும் வலை, ஃப்ளட்லைட், மணிக்கணக்கில் வாடகை. வருகிற பணத்தில் பள்ளிப் பராமரிப்பு. ஐடி கம்பெனிப் பையன்கள் ராத்திரி பதினொரு மணிக்குக்கூட வந்து ஆடுவார்கள் என்கிறார்கள். பணம் தரத் தயாராக இருக்கும் உங்கள் மனசுக்கு நன்றி. நான் இதற்கு எதிரி இல்லை. ஐப்பசி மழையில் தேங்கிய தண்ணீர் பொங்கல் வரை நிற்கிற மைதானம் அது, ஏதாவது செய்தாகத்தான் வேண்டும்.

ஆனால் வரைபடத்தைப் பார்த்தேன். கிழக்குச் சுவரை உயர்த்தி, உடைந்த இடத்தை அடைக்கப் போகிறார்கள். அந்த உடைந்த இடம் உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் பின்தெருப் பிள்ளைகள் அதன் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். நம் பள்ளியில் படிக்காத பிள்ளைகள். ரப்பர் பந்து, செங்கல் ஸ்டம்ப். இந்தப் பக்கம் சேலையூரிலிருந்து சிட்லப்பாக்கம் வரை நடந்து பாருங்கள், பிள்ளைகள் காசு கொடுக்காமல் ஓடி விளையாடக் காலி இடம் எங்கே இருக்கிறது? நீங்கள் ஆடிய இடமெல்லாம் பிளாட் ஆகிவிட்டது. உங்களில் சிலர் குடியிருப்பதும் அப்படிப்பட்ட பிளாட்டில்தான், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்று விஷயம் கேட்கிறேன். தினமும் சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறரை வரை வாடகை வேண்டாம், எந்தப் பிள்ளை வந்தாலும் ஆடட்டும். வாரத்தில் இரண்டு நாள் அந்த நேரம் பெண் பிள்ளைகளுக்கு மட்டும், மைதானத்தின் நடுவில். நான்கு வேப்பமரத்தையும் வெட்டாமல் வலையை உள்தள்ளிப் போடுங்கள். இந்த இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு வருமானம் குறையும் என்று கணக்குப் போட்டுச் சொல்லச் சொன்னேன். சொன்னார்கள். எனக்குப் பெரிய தொகையாகத் தெரியவில்லை, உங்களுக்கும் தெரியாது. குறைவதில் ஒரு பங்கு என் பென்ஷனிலிருந்து மாதாமாதம் வரும், வீட்டம்மாவும் சம்மதித்துவிட்டார்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம். முடிந்தவர்கள் நேரில் வாருங்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் வீடியோவில் சேருங்கள். இன்னொன்று, கிழக்குச் சுவரின் கோடியில், கிணற்றுப் பக்கம், ஒரு சின்ன இரும்பு கேட் இருந்தது. பல வருடமாகப் பூட்டியே இருக்கிறது. சுவரை அடைத்தாலும் அந்த கேட்டைத் திறந்துவிட்டால் போதும். சாவி பள்ளி ஆபீஸில் இல்லை என்கிறார்கள். 1990-களில் ஸ்போர்ட்ஸ் செக்ரட்டரியாக இருந்தவர்கள் யாரிடமாவது அது இருந்தால் தயவுசெய்து தெரிவிக்கவும். இல்லையென்றால் பூட்டு உடைக்க ஆள் கூட்டி வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்
கிழக்குத் தாம்பரம்